வலப்பக்கத்து ஸ்பீக்கர்

ஃபியூஸ் போனால் உடனே இன்னொரு ஃபியூஸ் போடக் கூடாது. ஏன் போனது என்று முதலில் பார்க்க வேண்டும். குடிநீர் பம்ப் அறைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். நீங்கள் நிதானமாகக் கேட்கிறீர்கள் ஐயா, அதனால் நானும் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

அப்பா விட்டுப்போனது இடுப்பு உயரத்துக்கு இரண்டு பழைய மர ஸ்பீக்கர்களும் அவற்றோடு சேர்ந்த ஆம்ப்ளிஃபயரும்தான். ஒவ்வொரு ஸ்பீக்கரின் முதுகிலும் சின்னதாக ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். சத்தம் அளவு மீறினால் அது தான் உருகி ஸ்பீக்கரைக் காப்பாற்றும். அப்பாவைக் கடைசிவரை குளிப்பாட்டியவன் நான், ஊட்டியவன் நான். என் தம்பி ரேடியோ மெக்கானிக். அவன் விருந்தாளி மாதிரி வந்து ரெண்டு பாட்டுப் போட்டு அவரைச் சிரிக்க வைத்துவிட்டுப் போவான். சாகுமுன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? வலப்பக்கத்து ஸ்பீக்கர் பெரியவனுக்கு, இடப்பக்கத்தது சின்னவனுக்கு என்றார். பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று சும்மாவா சொன்னார்கள்.

காரியமெல்லாம் முடிந்ததும் தம்பியிடம் ஒன்று சொன்னேன். "வேலை இருந்தா மட்டும் வா. சும்மா வந்து நிக்காத." தலையாட்டினான். ஆனால் அவனுடைய ஸ்பீக்கரை எடுத்துப் போகவில்லை. எப்போது கேட்டாலும் அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்பான். என் வீட்டுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டே இருக்கிறான் என்று எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகுதான் ஃபியூஸ் போகத் தொடங்கியது. பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரத்தில், வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த மாதிரி, வலப்பக்கம் ஊமையாகிவிடும். என்னுடையது மட்டும்தான். அவனுடையது ஒருநாளும் போனதில்லை. அந்தப் பழைய அளவு ஃபியூஸ் தம்பி கடையில்தான் கிடைக்கும் என்பதால் போன் செய்வேன். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவான். புதிது மாட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று பாட்டுப் போடுவான். டீ குடிப்பான், அப்பாவைப் பற்றிப் பேசுவான், இருட்டினால்தான் எழுந்திருப்பான். ஒருமுறை, "பேசாம ரெண்டு ஸ்பீக்கரும் நாமளும் ஒரே வீட்லயே இருந்துடலாமே அண்ணா" என்றான். என் ஸ்பீக்கர் பெட்டியின் மேலும் அவனுக்குக் கண் இருக்கிறது என்று அப்போதே புரிந்துகொண்டேன்.

நான் யாரையும் அவசரப்பட்டுச் சந்தேகப்படுகிறவன் இல்லை ஐயா. முறைப்படிதான் பார்த்தேன். இரண்டு ஸ்பீக்கர்களின் வயர்களையும் மாற்றிப் போட்டேன். ஆம்ப்ளிஃபயரில் குறை இருந்தால் இப்போது இடப்பக்கம் போக வேண்டும். மறுபடியும் வலதுதான் போனது. பெட்டியைத் திறந்தேன், கருகிய இடம் ஒன்றுகூட இல்லை. கடைசியாக இரண்டு ஃபியூஸையும் கழற்றி, பம்புக்குச் சாமான் வாங்கும் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடப்பக்கத்தது சரியான அளவு, மற்றது அதில் பாதிகூடத் தாங்காது என்றார். தம்பியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், கை தவறிப் போட்டிருக்கலாம் இல்லையா என்று கேட்டேன். "தவறிப் போட்ட மாதிரி தெரியலீங்க. இவ்வளவு சின்னதைத் தேடிப் பிடிச்சுத்தான் வாங்கணும்" என்றார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு வலித்தது. கோபம் பிறகுதான் வந்தது. என் டீயைக் குடித்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பா பேரைச் சொல்லிக் கண் கலங்கிவிட்டு எனக்கே குழி பறித்திருக்கிறான். அலுத்துப் போய் இதையும் நீயே எடுத்துக்கொள் என்று நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? நேரிலேயே கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் பொய் சொல்வான். கூடப் பிறந்தவனைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கோளாறு இருக்கும் இடம் தெரிந்த பிறகு அதை எடுத்துவிட வேண்டியதுதான். ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரைக் கழற்றினேன். இன்னொரு வயரை அது தொடக் கூடாத இடத்தில் தொட வைத்தேன். தரையை நன்றாக ஈரம் விட்டுத் துடைத்தேன். பிறகு போன் செய்தேன்.

மற்ற வீடுகளில் தம்பி டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் தொட மாட்டான். கெட்டிக்காரன். எங்கள் வீட்டில் மட்டும் அந்த டெஸ்டர் சட்டைப்பையை விட்டு வெளியே வராது. எல்லாவற்றையும் அண்ணன் பார்த்து வைத்திருப்பார் என்ற நினைப்பு. வந்தான். "பழைய கோளாறுதானா அண்ணா?" என்று சிரித்தான். அதேதான் என்றேன். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிந்து, மறு கையை ஆம்ப்ளிஃபயரின் மேல் வைத்தான். சுவிட்ச் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பம்ப் அறையில் இப்படி நேர்ந்தால் முதலில் சுவிட்சை அணைக்கத்தான் சொல்லித் தருவேன். அன்றைக்கும் அணைத்தேன். கொஞ்சம் பொறுத்து அணைத்தேன்.

எல்லோரும் விபத்து என்றுதான் நம்பினார்கள். அவன் மனைவியும் அப்படித்தான் நம்பினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்ததும் அவள் ஒரு சின்ன டப்பாவை என் கையில் கொடுத்தாள். நிறைய அந்தச் சின்ன ஃபியூஸ்கள்.

"அவர் வேணும்னே செஞ்சதுதான் மாமா. என்னோடது போனா அண்ணன் கூப்பிட மாட்டாரு, அவரோடது போனாத்தான் கூப்பிடுவாருன்னு சொல்லிச் சிரிப்பாரு. அவருக்காக நீங்க மன்னிச்சிடுங்க."

மன்னித்துவிட்டேன் என்றேன். பாவம், புருஷன் சொன்னதை அப்படியே நம்புகிற பெண். அவள் அழுதது தாங்காமல்தான் நானாகவே உங்களிடம் வந்தேன். நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் சொன்ன காரணத்தை மட்டும் எழுதாதீர்கள், அது பொருந்தவில்லை. வந்து போக அவ்வளவு ஆசை இருந்தவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா? நான் என்ன, வராதே என்றா சொல்லியிருப்பேன்?