ஒயர் இல்லாத துளையில் பச்சை விளக்கு

ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு மணி இருக்கும்.

ஆமாம், மதியம்தான். பேய் என்றால் இருட்டின பிறகுதான் வரவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அந்தச் சன்னலை மட்டும் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். நெருங்கி உட்கார்ந்தாலும் சரி.

தொழிற்சாலைகள் இருக்கிற சாலை அது. வாரநாளில் லாரிகள் வழிவிடாது. ஞாயிறு மதியத்தில் ஒரு நாய்கூட இல்லை. இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்திய ஷட்டர்கள்... தார் இளகுகிற வாசனை... அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக ஸ்கூட்டரில் போகிறாள். காலடியில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு புது சர்வர்.

அவள் என் நண்பனின் அக்கா. தொழிலில் எல்லோரும் ‘ஒயர் அக்கா’ என்பார்கள். அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது அவள் வேலை. ஒருவர் ஃபைலை இன்னொருவர் திறக்கவும், எல்லோரும் ஒரே பிரிண்டரில் எடுக்கவும், நடுவில் சர்வர் என்று ஒரு பொதுக் கம்ப்யூட்டரை வைத்துவிட்டு வருவாள். இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் நண்பன்தான். அவன் அளக்கிற ஆள். அக்கா அளக்க மாட்டாள்.

அவள் போன இடம், தைக்கிற கம்பெனிகளுக்குப் பேட்டர்ன் போட்டுக் கொடுக்கிற அலுவலகம். சட்டையின் கை, கழுத்து, முதுகு... ஒவ்வொரு துண்டையும் கம்ப்யூட்டரில் வரைவார்கள். கட்டில் அகலத்துக்கு ஒரு பிரிண்டர் இருக்கும், அதில் தாளாக எடுப்பார்கள். அந்தத் தாளைத் துணிமேல் வைத்துத்தான் வெட்டுவது.

முதலாளி, கட்டிங் மாஸ்டராக இருந்து மேலே வந்தவர். முதலாளி ஆன பிறகும் ‘மாஸ்டர்’தான். அன்றைக்கு அவர் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் இருந்தவரை எல்லா ஃபைலும் அவர் அறைக் கம்ப்யூட்டரில் இருந்தது. பெண்கள் வரைவார்கள். சேமித்த நிமிடமே அது அவருடையதாகிவிடும். வரைந்தவள் பார்க்கலாம், திருத்தக்கூடாது. பிரிண்ட் கொடுத்தாலும் உடனே வராது. அவர் மனசு வைத்து அனுமதித்தால்தான் வரும்.

இப்போது அலுவலகம், அங்கேயே வரைந்துகொண்டிருந்த அவர் மருமகள் கையில். கணவன் வெளியூரில் வேலையாக இருந்ததால் அவள்தான் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். கொழுந்தனுக்கு இடத்தை விற்றுவிட ஆசை. திங்கட்கிழமை காலையில் ஒரு பெரிய ஆர்டருக்குப் பேட்டர்ன் போகவேண்டும். போகவில்லையென்றால் சாயங்காலமே சாவியை அவனிடம் தருவதாக, கோபத்தில், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். மாஸ்டரின் கம்ப்யூட்டரோ யாரையும் உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டை அவர் கையோடு கொண்டுபோய்விட்டார்.

ஷட்டரைத் தூக்கியதும் மருமகள் சொன்னாள், “வாங்க அக்கா. காலையிலேருந்து தனியா இருக்கேன். மாமா ரூம்ல ஃபேன் போட்டாலும் புழுங்குது.”

“ஞாயித்துக்கெழம மனுசன் படுத்துத் தூங்குற நேரத்துல வேலைக்கு வரச்சொன்னா புழுங்காம என்ன செய்யும்?” என்றாள் ஒயர் அக்கா.

மாஸ்டர் அறை. பெரிய மேசை, தோல் நாற்காலி. ஈரத்துணியில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஒரு வாசனை வருமே... அது. அங்கே இஸ்திரிப் பெட்டியே கிடையாது.

ஒயர் அக்கா மாஸ்டரின் கம்ப்யூட்டரைத் தரையில் படுக்கவைத்து, மூடியைத் திறந்து, உள்ளிருந்த டிஸ்க்கை வெளியே எடுத்தாள். தன் லேப்டாப்பில் மாட்டினாள். பேட்டர்ன்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய செட்டிங்ஸ் ஃபைலையும் முழுசாகக் காப்பி எடுத்துப் புது சர்வரில் போட்டாள். பிரிண்டர் பெயர், ஃபோல்டர் பெயர் எல்லாம் அதிலேயே இருக்கும், மறுபடி அடிக்கவேண்டாம். அந்தத் தொழிலில் அத்தனை பேரும் செய்கிற சோம்பேறித்தனம் அது. படித்துப் பார்க்காமல் போடுவது.

“யாரு உள்ள வரணும்னு அந்த ஃபைல்லதான்டா எழுதியிருக்கும்” என்று பிற்பாடு தம்பியிடம் சொன்னாளாம். “நானே கூட்டிட்டு வந்து உக்காரவச்சிட்டேன்.”

புது சர்வர் ஓடத் தொடங்கியது. பெண்களுக்கெல்லாம் உள்ளே நுழைய ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு ஃபோல்டர். எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கலாம். அவரவர் வரைந்ததை அவரவர் திருத்தலாம். பிரிண்ட் கொடுத்தால் கேள்வி இல்லாமல் வரும். மருமகள் ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நாளைக்குப் போகவேண்டிய பேட்டர்னைத் திறந்தாள். பிரிண்ட் கொடுத்தாள்.

பிரிண்டர் ஒரு தடவை கனைத்தது... நின்றுவிட்டது.

திரையில் ஒரு வரி. ‘அனுமதிக்காகக் காத்திருக்கிறது.’

ஒயர் அக்கா சர்வரில் பார்த்தாள். பெண்கள் அத்தனை பேரும் ‘பார்க்க மட்டும்’ என்று மாறியிருந்தார்கள். எல்லா உரிமையும் ஒரே பெயருக்கு. மாஸ்டர். ‘அட, பழைய ஃபைலோட வந்து தொலச்சிருக்கு’ என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பெயரை அழித்தாள். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள்.

‘அனுமதிக்காகக் காத்திருக்கிறது.’

மாஸ்டர் மறுபடி இருந்தார். மறுபடி அழித்தாள். மறுபடி வந்தார். கடைசியில் அந்தப் பழைய ஃபைலையே தூக்கி எறிந்துவிட்டு, முதல் வரியிலிருந்து தன் கையாலேயே அடித்தாள். வியர்வை கீபோர்டில் சொட்டியது. அடித்து முடித்து, இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சர்வரைக் கேட்டாள்.

இரண்டு பேர் என்றது. ஒன்று, ஹாலில் மருமகள். இன்னொன்று, மாஸ்டர். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து?

அவர் அறைக் கம்ப்யூட்டரிலிருந்து.

அது அவள் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. மூடி இல்லாமல். டிஸ்க் இல்லாமல். கரண்ட் இல்லாமல்.

“பொய்தானே?” என்கிறீர்கள். நானும் நண்பனிடம் அப்படித்தான் கேட்டேன்.

ஒயர்கள் எல்லாம் வந்து சேருகிற பெட்டி சுவரில் இருந்தது. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு துளை. துளைக்கு மேலே ஒரு குட்டி விளக்கு. ஒயரில் ஆள் இருந்தால் பச்சையாகச் சிமிட்டும். ஒயர் அக்கா எழுந்துபோய் மாஸ்டரின் ஒயரைப் பிடுங்கினாள். முழு ஒயரும் அவள் கையில் தொங்கியது.

அந்தத் துளைக்கு மேலே விளக்கு சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. வெறும் துளை... பச்சை விளக்கு... யாரோ அவசரம் இல்லாமல் வேலை செய்கிற மாதிரி.

அப்புறம் அந்தச் சத்தம். சரக்... சரக்... கத்தரிக்கோல். துணியை வெட்டுகிற சத்தம் வேறு. இது, துணியே இல்லாமல் காற்றில் திறந்து மூடுகிற சத்தம். தோல் நாற்காலிப் பக்கமிருந்து வந்தது.

மருமகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“அவருக்குக் கோவம் வந்தா இப்படித்தான் பண்ணுவாரு. பேசமாட்டாரு. கத்தரிய மட்டும்...” என்றாள். “போயிடலாம் அக்கா. வித்துத் தொலைக்கட்டும். எனக்கு எதுக்கு இந்த வீம்பு?”

ஒயர் அக்கா கையிலிருந்த ஒயரைச் சுருட்டினாள். நிதானமாக. முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே, சுற்றுக்குமேல் சுற்று.  பயம் வந்தால் ஒயர் சுற்றுவது அவள் வழக்கம்.

“உசிரோட இருந்தப்ப பயந்தீங்க. சரி, சம்பளம் குடுத்தாரு. இப்பவும் எதுக்கும்மா பயப்படணும்?”



கத்தரி திறந்து மூடிக்கொண்டே இருந்ததாம். அந்த நேரத்தில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் என்ன நினைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பயம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி, பழக்கம்தான். ஒருவர் குரலுக்கு எழுந்து நின்று பழகிவிட்ட உடம்பு, குரல் போன பிறகும் எழுந்து நிற்கிறது. உட்காரச் சொல்ல ஆள் இல்லை. அவளாகத்தான் உட்காரவேண்டும்.

மருமகள் நடந்தாள். கத்தரிக்கோல் சத்தம் வந்த இடத்துக்கே நேராக. தோல் நாற்காலியை மேசையிலிருந்து இழுத்தாள். அது கனமாக இருந்ததாம், ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி போல.

“மாமா, எந்திரிங்க.”

சரக்.

“நாளைக்குப் போகவேண்டிய பேட்டர்ன் நான் வரைஞ்சது. உங்களுக்குத் தெரியும். நீங்க திருத்தினது ஒரே ஒரு எடம், அதுவும் தப்பு. கழுத்து இறுக்குதுன்னு திரும்பி வந்துச்சு. ராத்திரியெல்லாம் உக்காந்து மறுபடி போட்டுக் குடுத்தது நானு. பேரு உங்களுது. நான் ஒரு வார்த்த கேட்டேனா? இப்ப கேக்குறேன். எந்திரிங்க.”

நாற்காலி லேசானது. அதை அவள் கை உணர்ந்தது. உட்கார்ந்தாள். சீட்டு சுட்டதாம். சுட்டாலும் எழுந்திருக்கவில்லை.

“அக்கா, அவர அழிக்காதீங்க.”

“என்னம்மா சொல்றீங்க?”

“அழிக்க அழிக்கத் திரும்பி வர்றாரு. வெளிய போற ஆளு இல்ல அவரு. இங்கதான் இருப்பாருன்னா இருந்துட்டுப் போகட்டும். மத்தவங்க மாதிரி இருக்கட்டும். கணக்கு ஒண்ணு போடுங்க. கடைசியில, அந்தப் புதுப் பொண்ணுக்குக் கீழ.”

ஒயர் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில், அந்த வாசனையில், சிரிப்பு. “புது ஸ்டாஃபா சேத்துடலாமா?”

“சேருங்க. லீவு கேட்டாக் குடுக்குறேன்.”

சேர்த்தாள். பெயர், மாஸ்டர். எல்லோருக்கும் உள்ள உரிமைதான். தன் ஃபோல்டரில் எழுதலாம், மற்றவர்களுடையதைப் பார்க்கலாம், தொடக்கூடாது. பிரிண்ட் வரிசைப்படி. முதல் நாளுக்கு எல்லோருக்கும் கொடுத்த அதே பாஸ்வேர்டு. முதல் தடவை உள்ளே வந்ததும் ‘இதை மாற்றிக்கொள்’ என்று கேட்கும். மாற்றாமல் மேலே போகமுடியாது. தப்புத் தப்பாக அடித்துக்கொண்டே இருந்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் மருமகளிடம் வந்து கேட்கவேண்டும். அவள்தான் திறந்துவிடுவாள்.

கடைசி எழுத்தை அடித்துவிட்டு ஒயர் அக்கா சுவரைப் பார்த்தாள். பச்சை விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டு, விடாமல் எரிந்தது... முறைக்கிற மாதிரி. இவளும் முறைத்தாள்.

விளக்கு அணைந்தது.

ஹாலில் பிரிண்டர் கனைத்தது. அப்புறம் ஓடத் தொடங்கியது. தாள் நீளமாக இறங்கி, தரையில் சுருண்டு, இன்னும் இறங்கியது. முதுகு, முன்பக்கம், கை, கழுத்து. அந்தக் கழுத்து வளைவை மருமகள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாளாம். திங்கட்கிழமை பேட்டர்ன் போய்ச் சேர்ந்தது. கொழுந்தன் சாவி கேட்டு வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒயர் அக்கா மறுபடி போனாள். யார் யார் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள் என்று சர்வர் காட்டியது. பெண்கள் எல்லோர் பெயருக்கு நேராகவும் ‘மாற்றப்பட்டது’. கடைசிப் பெயருக்கு நேராகவும் ‘மாற்றப்பட்டது’.

மாற்றியது திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில். எல்லோரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

மருமகளிடம் காட்டினாள். “பரவால்லையே, சொன்ன பேச்சு கேக்குறாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நண்பன் முதலில் இதுவரைதான் சொன்னான். மீதியைச் சொல்ல அவனுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

போன மாதம் ஒயர் அக்காவுக்கு அங்கிருந்து ஒரு போன். பட்டப்பகல். மருமகள்தான்.

“அக்கா, மாஸ்டர் கணக்கு பூட்டிக்கிச்சு.”

ஒயர் அக்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். “யாராவது பொண்ணுங்க வெளயாட்டுக்கு...”

“எல்லாரும் மாடியில சாப்புடுறாங்க. நான் மட்டும்தான் ரூம்ல இருக்கேன். கதவச் சாத்தியிருக்கேன்.” ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். “பாஸ்வேர்ட மறந்துட்டாரு போல.”

“நான் வரட்டுமா? கணக்க இங்கேருந்தே தொறந்து விடட்டுமா?”

“வேண்டாம் அக்கா. கேட்டுட்டு இருங்க.”

போனை அவள் எங்கோ நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். ஒயர் அக்கா காதை அழுத்தி வைத்துக் கேட்டாள். முதலில் ஃபேன் சத்தம். அதற்குப் பின்னால்... டொக்... டொக்... விரல் கணுவால் கதவைத் தட்டுகிற சத்தம். ரொம்பப் பணிவாக.

“அரை மணியாத் தட்டுறாரு” என்றாள் மருமகள். வாயில் சோறு இருந்தது. “நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல.”

தட்டுவது நின்றது. அடுத்து வந்த சத்தம் ஒயர் அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது. கதவின் கைப்பிடி. இரும்பு... மெல்ல... கீழே இறங்குகிற சத்தம்.

“மாமா!” என்று மருமகள் அதட்டினாள். “வெளிய இருங்க. கூப்பிடுறேன்.”

கைப்பிடி கொஞ்சநேரம் அப்படியே இருந்தது. பிறகு, அதே மெதுவோடு, மேலே ஏறிப் பழைய இடத்துக்குப் போயிற்று.