பதினாறாம் பெயருக்கும் தொலைபேசியை எடுத்தவருக்கு

“பதினாறு வருது, ரோனன்.”

“பதினஞ்சுதான் வரும். மறுபடி எண்ணு.”

“எண்ணிட்டேன். உன் கட்சிக்கு ஆறு, என் கட்சிக்கு ஆறு, சுயேச்சைங்களுக்கு மூணு. சரி. நீ எங்க?”

“நான் பிரதமர்.”

“அது தெரியுது. அந்த ஆறுல நீ இருக்கியா, இல்லியா?”

“நான் எதுக்கு அதுல இருக்கணும்? ஆறு அமைச்சர்னுதானே பேசினோம்!”

“கடவுளே! அரசியல் சாசனம் உன்னையும் சேர்த்துத்தான்யா பதினஞ்சுங்குது!”

அப்போது அதே அறையில் தொலைபேசியின்மேல் கைவைத்து நின்றிருந்த அம்மையாரே! ஐந்து பிரதமர்களின் தனி அலுவலகத்தை ஆண்ட அசம்ப்டா கெய்கன் அவர்களே! கூட்டணிகள் கூடக் கண்டும் குலையக் கண்டும் குரல் உயர்த்தாத குணக்குன்றே! உங்கள் பணி நிறைவு நாளான இன்று, கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரு கட்சித் தலைவர்களின் அந்தச் சண்டையைக் கேட்ட நாங்கள், உங்கள்முன் நின்று வாசிக்கும் மடல் இது.

எத்தனை அமைச்சரவைகளை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்! டப்ளினுக்கு இத்தனை, மேற்குக் கரைக்கு இத்தனை, பெண்களுக்கு இத்தனை, முணுமுணுப்பவர்களுக்கு இத்தனை என்று தலைவர்கள் விடிய விடியப் பங்கு போடுவார்கள். பாதிக் காலம் ஒருவர் பிரதமர், மீதிக் காலம் இன்னொருவர் என்று நாற்காலியையே சுழற்றுவார்கள். சுழலாமல் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். புதிதாக வரும் பிரதமர் முதலில் கேட்பது கோப்புகளை அல்ல, “அசம்ப்டா எங்க?” என்பதைத்தான்.

ஆனாலும் உங்களை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்கு நினைவில் எழுவது ரோனன் டெனிஹி பிரதமரான அந்த மாலைதான். அவர் அவையில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். குடியரசுத் தலைவரிடம் நியமனம் பெற்றுத் திரும்பியாயிற்று. அமைச்சர் பட்டியலை ஏற்க அவை மறுபடி கூடி வாக்களிப்பதற்குள் அமைச்சர்களை ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். இங்கே வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். உறுப்பினர்கள் தத்தம் அறையில் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். “பிரதமர் உங்களைப் பார்க்கணுமாம்” என்று உங்கள் குரல் வந்தால் அமைச்சர். வராவிட்டால் இல்லை. இல்லை என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. பெயர்கள் வாசிக்கப்படும்போது அவர்களே தெரிந்துகொள்ள வேண்டும்.

பதினாறில் ஒருவரைக் கழிக்க வேண்டியிருந்தது. கட்சிக்காரர்கள்மேல் கைவைக்க இரு தலைவர்களுக்கும் துணிவில்லை. கழிந்தவர் மேற்குக் கரை பாலிகோரனின் சுயேச்சை உறுப்பினர் மாட்டி லாவெல். மீன்வளத் துறை உனக்குத்தான் என்று கைகுலுக்கிச் சொல்லப்பட்டவர். அவர் ஊர்க்காரர்கள் சாலை முக்கில் புது அமைச்சரை வரவேற்க மூட்டும் நெருப்புக்குக் கட்டைகளை அடுக்கிவிட்டிருந்தார்கள்.

“அவருக்குக் கூப்பிடாதீங்க அசம்ப்டா, தானா புரிஞ்சுக்குவார்” என்றார் பிரதமர்.

“புரிஞ்சா எதிர்த்து ஓட்டுப் போடுவான். ஒரு ஓட்டு போனா அமைச்சரவையே போச்சு” என்றார் இரண்டாம் கட்சியின் தலைவி ஓர்லா ஸ்கல்லி.

“அவைக்குள்ள வந்து உட்கார்ந்தப்புறம் படபடன்னு படிச்சுடறேன். யோசிக்க நேரம் இருக்காது.”

நீங்கள் தொலைபேசியை எடுத்தீர்கள். பதினைந்து பேரில் யாரையோ அழைக்கிறீர்கள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். வெளியே இணைப்புத் தொலைபேசியைக் காதில் வைத்திருந்த நாங்களும்தான்.

“மாட்டி, அசம்ப்டா பேசறேன்.”

“இதோ வந்துட்டேன் அம்மணி! டையை இவ கட்டறேன் கட்டறேன்னு என் கழுத்தை நெரிக்கிறா...”

“கொஞ்சம் உட்காருங்க. பிரதமர் கூப்பிடச் சொல்லல. நானாதான் கூப்பிடறேன். பட்டியல்ல உங்க பேர் இல்ல.”

  “ஊர்ல நெருப்பு மூட்டிட்டாங்க. கடல்ல படகுல இருக்கறவனுக்கும் தெரியுதுன்னு இப்பத்தான் தம்பி சொன்னான்.”

“அதனாலதான் டிவியில பார்க்கறதுக்கு முன்னாடி சொல்றேன்.”

“யார் பண்ண வேலை இது?”

“அதை நான் சொல்லக் கூடாது மாட்டி. சொல்ல வேண்டியவர் உங்க ரூமுக்கே வரார்.”

தொலைபேசியை வைத்துவிட்டுப் பிரதமரைப் பார்த்தீர்கள். அவர் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. “உங்க வேலை போயிடும், தெரியும்ல?” என்றார்.

“தெரியும் சார். மூணாவது மாடி, லிஃப்டை விட்டு இறங்கினா இடது பக்கம்.”

ஆகா, அந்தக் காட்சி! அன்றுதான் பிரதமரான ஒருவர், அமைச்சர் பதவி கிடைக்காத ஒருவரைத் தேடித் தாமே படியேறிப் போனார்! லிஃப்டுக்குக் காத்திருக்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. நாங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதும் சாண்ட்விச்சைக் கையில் எடுத்து, கடிக்காமல் வைப்பதுமாக இருந்தோம். நீங்கள் மட்டும் மீதி அழைப்புகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தீர்கள்.  

மணி அடித்தது. அவை கூடியது. பதினைந்து பெயர்கள் வாசிக்கப்பட்டன. வாக்கெடுப்பில் மாட்டி லாவெல் எழுந்தார், நின்றார், பார்வையாளர் மாடத்தை ஒருமுறை பார்த்தார், ஆதரவாக வாக்களித்தார். ஒரே வாக்கில் ஓர் அரசு பிறந்தது! அமைச்சர்களை ஏற்றிக்கொண்டு பேருந்து குடியரசுத் தலைவர் மாளிகைக்குக் கிளம்பியபோது நாங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கத்தினோம்.

மாட்டிக்குப் பின்னர் அமைச்சரவை மேசையில் உட்காரும் உரிமையுள்ள, ஆனால் வாக்கில்லாத, இணை அமைச்சர் பதவி கிடைத்தது. எதிர்த்து ஓட்டுப் போடத் தோன்றவில்லையா என்று தாழ்வாரத்தில் ஒருவர் கேட்டார்.

“இல்லன்னு முகத்துக்கு நேரா சொன்னா ரெண்டு திட்டு திட்டிட்டுப் போயிடலாம். சொல்லாம ஏமாத்திருந்தா அன்னிக்கே கவுத்திருப்பேன்.”

“அப்ப ஊர்ல மூட்டின நெருப்பு?”

“எரியற நெருப்பை எவன் போய் அணைப்பான்? குளிர் காய்ஞ்சுட்டு வீட்டுக்குப் போனாங்க!”

உங்கள் வேலை போகவில்லை. அடுத்த கூட்டணியில் டெனிஹிதான் போனார், நீங்கள் இருந்தீர்கள். அன்றுமுதல் ஒவ்வொரு முறையும், பதவி கிடைத்தவர்களை அழைக்கும் முன்னே கிடைக்காதவர்களை அழைத்தீர்கள். திட்டும் அழுகையும் உங்கள் காதில்தான் விழுந்தன. எங்களில் எவர் காதையும் அவை எட்ட நீங்கள் விட்டதில்லை.

இனி உங்கள் காதுகளில் நல்ல செய்திகள் மட்டுமே விழட்டும்! உடல் நோவின்றி, உறக்கம் கெடாமல், தேர்தல் முடிவுகளைப் பிறர் கவலையாக எண்ணிப் பல்லாண்டு வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்!

அம்மையாரே, மடலை இந்த இடத்தில் முடித்திருந்தோம். மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் மாட்டவும் ஆள் வந்துவிட்டார். ஆனால் இன்று காலை புதிய கூட்டணியின் பட்டியல் கைக்கு வந்தது. பதினைந்து பேரையும் நாங்களே அழைத்துவிட்டோம். அவை கூட இன்னும் சற்று நேரமே உள்ளது. மூன்றாம் மாடியில், பதவி உறுதி என்று நம்பியிருந்த உறுப்பினர் மரேட் டோலன் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவர் தாயும் தங்கைகளும் புத்தாடையுடன் பார்வையாளர் மாடத்துக்கு வந்துவிட்டார்கள். பட்டியலில் அவர் பெயர் இல்லை. நாங்கள் ஒவ்வொருவராக எண்ணைச் சுழற்றினோம், அவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டோம்.

உங்கள் மேசைமேல் இன்னும் அந்தத் தொலைபேசி இருக்கிறது. பூச்செண்டை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். இந்த ஒருமுறை மட்டும், அவரிடம் நீங்கள் பேசுவீர்களா?

பிரதமர் தனி அலுவலகப் பணியாளர்கள்
மெரியன் தெரு, டப்ளின்