ஜும்ஆ நேரத்து ஹூக்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. எனக்கு முன் சீட்டில், முன்பு ஒரே ஆபீசில் வேலை செய்த இருவர்.

“நானா, நம்ம சர்வர் இன்னமும் வெள்ளிக்கிழமையில உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு,” என்றாள் அவள், அண்ணனை அழைப்பதுபோல்.

“பைத்தன் ஃப்ரேம்வொர்க் செட்டிங்ஸ்ல அப்டேட்டத் தடுக்க நான் மாட்டின ஹூக்கா? இன்னமும் ஈக்கா?”

“இருக்கு. பன்னெண்டு மணிக்கு அப்டேட் ஏத்தப் போனா, ‘நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்காரு, ரெண்டு மணிக்கு வாங்க’ன்னு நிப்பாட்டிடும்.”

அவர் சிரித்தார். “ஏதும் ஒடஞ்சா பாக்க அப்ப நான் மட்டும்தானே ஈந்த. நான் கட்டாருக்குப் போய் ஆறு வருஷம் புள்ள. அந்த ஹூக்கக் கழட்டீக்கலாமே?”

பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒருக்கா கழட்டிப் பார்த்தேன் நானா. சர்வர் நீங்க இல்லாத குறையே தெரியாம ஓடுச்சு. அதான் திரும்பப் போட்டுட்டேன்.”