பன்னிரண்டாவது ரீல்

– என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க, சிட்டிபாபு சார். செவுத்தைப் பார்த்துப் பேசறவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு எனக்குத் தோணும். பள்ளிக்கூடத்துல வந்த பழக்கம்.

– மறைக்க இன்னா கீது டீச்சர். வசனப் பேப்பர் காணாப்பூட்ச்சு, அவ்ளோதான் மேட்டரு. மத்த ரீலுக்கெல்லாம் பேப்பர் கீது. பன்னண்டாவது ரீலுக்கு மட்டும் இல்ல. உங்க வூட்டுக்காரரு, எலியேசர் அண்ணன் சாவுற சீனு.

– அதைக் கொஞ்சம் வேற மாதிரி சொல்லலாம்.

– மன்னிச்சுக்கோங்க. படத்துல. படத்துல சாவுற சீனுன்னு சொல்ல வந்தேன்.

– சரி. பேப்பர் இல்லேன்னா என்ன, அவர் பேசினது பிலிம்லயே இருக்காதா?

– இருக்காது டீச்சர். எடுக்கும்போது படம் மட்டும்தான் புடிப்போம். பேச்சு அப்பாலதான். டப்பிங் தியேட்டர்ல உக்காந்து, உதடு ஆடுறதுக்குப் பொருத்தமா பேசிச் சேக்கிறது. நாங்க எடுத்தது வண்டலூர் குவாரியில. அந்தாண்ட புதுசா ஜூ வந்துட்ச்சு இல்ல, மத்தியானமானா சிங்கம் கத்த ஆரம்பிச்சிரும். சத்தமும் சேத்துப் புடிச்சிருந்தா எதிரி நாட்டு ரகசியக் கோட்டையில சிங்கம் கத்தியிருக்கும்.

– அவரும் சொன்னார். சிங்கத்துக்கு பதில் சொல்லிட்டு நடிக்க வேண்டியிருக்குன்னு.

– அண்ணன் இருந்தா அவரே வந்து பேசியிருப்பாரு. இப்போ நாளைக்குக் காலையில வேற ஒருத்தர் வந்து கொரல் குடுக்கப் போறாரு. உதடு இன்னா பேசுதுன்னே தெரியாம அவரு எதைப் பேசுவாரு?

– அதனால என்னைக் கூப்பிட்டீங்க.

– காது கேக்காத புள்ளைங்களுக்கு பதினாறு வருஷமா பாடம் எடுக்கிறீங்க. உதட்டைப் பாத்தாலே உங்களுக்குப் பேச்சு தெரியுமாமே. அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. 'எங்க வீட்ல வாய்க்குள்ள முணுமுணுக்கக்கூட முடியாது சிட்டி'ன்னுவாரு.

– அப்படிச் சொன்னாரா.

– பத்து வாட்டி சொல்லியிருப்பாரு.

– ஆறு மாசமாச்சு சார், நான் அவர் முகத்தைப் பார்த்து. பெட்டியை மூடித்தான் கொண்டு வந்தாங்க, திறக்க வேண்டாம்னுட்டாங்க. இப்ப நீங்க இந்த மெஷினுக்குள்ள பாருங்கிறீங்க.

– வேணாம்னா வுட்ருங்க டீச்சர். பெருங்களத்தூர் ஸ்டாப் வரைக்கும் நானே வந்து பஸ் ஏத்தி வுட்றேன்.

– ராஜகீழ்ப்பாக்கத்துலேர்ந்து இந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்தாச்சு. இனிமே திரும்பிப் போய் என்ன பண்ணப் போறேன். ஓட்டுங்க.

– இந்த ஸ்டூல்ல உக்காருங்க. இந்தக் கண்ணாடியில பாருங்க, படம் சின்னதாத் தெரியும். கீழ கட்டைய நான் மிதிச்சா ஓடும், காலை எடுத்தா நின்னுரும். எப்போ நிறுத்தணுமோ சொல்லுங்க.

– பின்னாடி சிவப்பா எரியுதே, அது என்ன?

– அது வயர்லெஸ் மெஷினு. நம்ம நாட்டு ரகசியமெல்லாம் அது வழியாத்தான் வெளிநாட்டுக்குப் போவுது. சைக்கிள் கடை சம்பத்து, ஒடஞ்ச ரேடியோப் பொட்டியில ஏழு பல்பு சொருகிக் குடுத்தான். ஹீரோ சுட்டுட்டான். உளவாளிங்களுக்கெல்லாம் தலைவன் கீழ கெடக்குறான். இப்போ பேசுவான் பாருங்க.

– மீசை ஒரு பக்கம் கழண்டிருக்கு.

– வேர்வைக்கு நிக்கல டீச்சர். இன்னொரு வாட்டி எடுக்க பிலிமும் இல்ல. பெரிய கம்பெனிங்க எடுத்தது போக மிச்சம் வுழுற துண்டு பிலிமை வாங்கித்தான் மொத்தப் படத்தையும் எடுத்தேன். எல்லாமே ஒரே டேக்கு. வசனம் மறந்தாலும் நிறுத்தக் கூடாது, எதையாவது பேசு, வாய் ஆடிக்கினே இருக்கணும், அப்பால பாத்துக்கலாம். அதான் நம்ம கம்பெனி சட்டம்.

– மெலிஞ்சிருக்கார்.

– தோ, பேசுறாரு.

– நிறுத்துங்க.

– இன்னா சொன்னாரு?

– 'நான் தோத்துட்டேன் இன்ஸ்பெக்டர்.' அப்புறம் நாடு, துரோகம், அந்த மாதிரி ஏதோ. எழுதிக்குங்க.

– இந்தப் படத்துல இன்ஸ்பெக்டரே கெடையாது டீச்சர். சி.ஐ.டி.தான்.

– அப்ப நான் தப்பாப் பார்த்திருப்பேன். வெளிச்சம் பத்தல.

– மறுபடி ஓட்டட்டுமா? அடப்பாவி. கரண்ட்டு பூட்ச்சு.

– நல்லதாப் போச்சு. கொஞ்ச நேரம் போகட்டும்.

– ஃபேனும் இல்ல. அந்த அட்டையால விசிறிக்கோங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

– வேண்டாம். ஒண்ணு கேக்கணும். இந்த சீன் என்னைக்கு எடுத்தது?

– சனிக்கிழமை சாயங்காலம். அன்னியோட ஷூட்டிங் முடிஞ்சுது.

– அதாவது, மறுநாள் காலையில அவர் போயிட்டார்.

– ஆமா டீச்சர்.

– கடைசி ஒம்பது நாள் அவர் இங்கதான் இருந்தாரா?

– இதே ரூமுதான். அந்த பிலிம் டப்பாங்களுக்குப் பக்கத்துல பாய் போட்டுக்குவாரு.

– நான் கதவைத் திறக்கல. சொன்னாரா?

– சொன்னாரு.

– என்னன்னு சொன்னார்?

– 'ரத்னா தாப்பா போட்டுட்டா'ன்னாரு. அவ்ளோதான். திட்டலாம் இல்ல.

– லீவு போட்டு லீவு போட்டு டைப்பிஸ்ட் வேலை போச்சு. அதை என்கிட்ட பதினஞ்சு நாள் மறைச்சு, தினம் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு ஆபீஸ் போற மாதிரி குவாரிக்குப் போயிருக்கார். நாப்பத்தெட்டு வயசு மனுஷன். கடைசியில ஒருநாள் ஒட்டு மீசையை எடுக்க மறந்து அப்படியே வாசல்ல வந்து நிக்கிறார். எதிர்வீட்டு மெட்டில்டா பார்த்துக்கிட்டே நிக்கிறா. எனக்கு மானமே போயிருச்சு. 'ஒண்ணு சினிமா, இல்லேன்னா வீடு, முடிவு பண்ணிட்டு வாங்க'ன்னு சொல்லித் தாழ்ப்பாள் போட்டேன்.

– கோவத்துல சொல்றதுதானே டீச்சர்.

– ரெண்டு மூணு நாள்லயே கோபம் போயிருச்சு சார். வந்து கூப்பிடத்தான் கூச்சம். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை ஆராதனையில உட்கார்ந்திருக்கேன், பாதி பிரசங்கத்துல ஆள் வந்து என் தோளைத் தொட்டாங்க. தாம்பரம் ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்துலன்னு.

– நானும் ஓடியாந்தேன். உங்க சபை ஆளுங்க என்னைக் கிட்ட வுடல.

– அவங்க என்னையும்தான் ஒரு மாதிரி பார்த்தாங்க. போதகர் வந்து ஜெபம் பண்ணினார். ஆனா 'எப்படிம்மா நடந்தது'ன்னு மூணு தடவை கேட்டார். அவரா போய் விழுந்தவர்னா ஜெபத்தை வேற மாதிரி பண்ணணுமோ என்னமோ. நான் என்ன சொல்ல? எனக்கே தெரியாதே.

– லைனைத் தாண்டும்போது அடிச்சிருக்கும் டீச்சர். மேற்கால இருந்து கிழக்கால வர்ற சனமெல்லாம் அப்டித்தானே தாண்டுது.

– எல்லாரும் தாண்டுறாங்க. எல்லாரும் சாகறதில்லையே. அவரா போனாரா, இல்ல ரயில் அடிச்சதா. இந்த ஒண்ணு தெரிஞ்சாப் போதும் சார் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம். இது தெரியாம எனக்கு சோறு இறங்கல, வேதத்தைத் திறந்தா எழுத்து ஓடல.

– போலீஸ்காரங்க ஒண்ணும் சொல்லலியா?

– அவங்களுக்கு என்ன தெரியும். வாட்சைக் காட்டினாங்க, உடைஞ்ச மூக்குக் கண்ணாடியைக் காட்டினாங்க. ரெண்டும் அவருது. பக்கத்துல கெடந்துச்சுன்னு ஒரு மஞ்சப் பையையும் காட்டினாங்க. திறந்தா உள்ளே ஆட்டுக்கறி. பதினெட்டு வருஷத்துல அவர் கறிக்கடை வாசலை மிதிச்சதில்ல, ரத்தத்தைப் பார்த்தா அவருக்குத் தலை சுத்தும். நான்தான் போய் வாங்கிட்டு வருவேன். இது வேற யாருதோன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

– மெய்தான் டீச்சர். குங்குமத்தைக் கரைச்சி சட்டையில ஊத்துனதுக்கே அண்ணன் கண்ணை மூடிக்கினாரு. அவரைப் போயி கொலைகாரனாப் போட்டேன் பாருங்க.

– ஏன் போட்டீங்க?

– இன்னா சொல்றது. கதைய டைப் அடிச்சுக் குடுக்க வந்தவரு. வில்லன் வேஷத்துக்குப் பேசி வெச்சிருந்த ஆளு கடைசி நேரத்துல கம்பி நீட்டிட்டான். எல்லா வசனமும் தெரிஞ்ச ஒரே ஆளு இவருதான். 'நான் பேசட்டுமா சிட்டி'ன்னு கேட்டாரு. கேக்கும்போது மூஞ்சி எப்டி இருந்துதுன்னு நீங்க பாத்திருந்தா, நீங்களும் சரின்னுதான் சொல்லியிருப்பீங்க.

– எனக்கு அந்த முகத்தைக் காட்டவே இல்லையே அவர்.

– கரண்ட்டு வந்துட்ச்சு டீச்சர்.

– ம்.

– ஓட்டவா, வேணாமா?

– ஒண்ணு சொல்லுங்க. எல்லா வசனமும் தெரிஞ்சவர்னு சொன்னீங்க. என் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து அடிச்ச வசனம் இது. அப்புறம் எப்படி மறந்தார்?

– மறந்தாரா, வேணும்னே மறந்தாரா, எனக்குத் தெரியல டீச்சர்.

– ஓட்டுங்க. மெதுவா மிதிங்க.

– தோ.

– 'ரத்னா.'

– நிறுத்தட்டுமா டீச்சர்?

– நிறுத்தாதீங்க சார். முதல் தடவையே பார்த்துட்டேன், சொல்லப் பயமா இருந்துச்சு. ஓட்டுங்க. 'ரத்னா, நீ எங்க இந்தப் படத்துக்கு வரப்போறே. ஆனா வந்தா உனக்கு மட்டும் கேக்கும்.' இந்த இடம் தெரியல, முகத்தைத் திருப்பிட்டார். 'தாழ்ப்பாள் போட்டது சரிதான். வேலை போனதைச் சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு.'

– மெதுவா ஓட்டறேன் டீச்சர். கண்ணைத் தொடச்சிக்கோங்க.

– 'இன்னையோட முடிஞ்சுது. நாளைக்குக் காலையில வந்துடறேன். சர்ச்சுக்கு ஒண்ணாப் போகலாம்.' இப்ப சிரிக்கிறார். குண்டடி பட்டுக் கெடக்கிறவர் சிரிக்கிறார்.

– அந்த எடத்துல நான் தலையில அடிச்சிக்கினேன்.

– 'கறி நானே வாங்கிட்டு வரேன். கண்ணை மூடிக்கிட்டாவது வாங்கிட்டு வரேன். அரைக் கிலோ. உனக்கு ஈரல் தனியாக் கட்டச் சொல்றேன்.' அவ்வளவுதான். கண்ணை மூடிட்டார்.

– அங்கதான் கட் சொன்னேன்.

– சார்.

– சொல்லுங்க டீச்சர்.

– இவ்வளவு நேரம் நான் சொன்னேன். நீங்க ஒரு வார்த்தைகூட எழுதல. பேனாவோட மூடியையே திறக்கல.

– அது வந்து டீச்சர்...

– செவுத்தைப் பார்க்காதீங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

– பேப்பர் தொலையல டீச்சர். தோ, ஜோப்புலதான் கீது. அண்ணன் டைப் அடிச்சது.

– அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?

– அன்னிக்கு கேமரா போட்ட சத்தத்துல எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் காதுல வுழுந்துது. உங்க பேரு. மறுநாள் அவரு பூட்டாரு. சாவுறதுக்கு மொதநாள், சாவுற சீன்ல, பொண்டாட்டி பேரைச் சொல்லி ஒரு மனுசன் இன்னா பேசியிருப்பான்? போய்ட்டு வரேன்னு சொன்னாரா, போறேன்னு சொன்னாரா? ஆறு மாசமா இந்த பேஜாருதான் எனக்கு. இந்த ரீலை எத்தினி வாட்டி ஓட்டிப் பாத்தேன்னு கணக்கே இல்ல. எனக்கு உதடு தெரியாதே டீச்சர். அவரு வேலை போனது என்னால. அந்த மீசைய ஒட்டி வுட்டது இந்தக் கைதான். இதைச் சொல்லி உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னா கதவைத் தொறந்திருப்பீங்களா?

– திறந்திருக்க மாட்டேன்.

– அதுக்குத்தான் பொய் சொன்னேன்.

– நாளைக்கு இந்த இடத்துக்கு எந்த வசனத்தைப் போடப் போறீங்க?

– பேப்பர்ல இருக்கிறதுதான். 'என் உயிர் போகலாம், என்னோட ரகசியம் போகாது.' அண்ணன்தான் அந்த வரியைச் சேத்தாரு.

– அதையே போடுங்க. அவர் என்கிட்ட பேசினது ஊருக்குக் கேக்க வேண்டாம்.

– டீச்சர், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதீங்க. வரேன்னுதான் சொல்லியிருக்காரு. எனக்கு மனசு லேசாயிட்ச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை நான் எழுந்து பாக்கும்போது பாய் சுருட்டி வெச்சிருந்துது, ஆளைக் காணோம். ஒரு வார்த்தை சொல்லிக்கல. நடுவுல மனசு மாறியிருந்தா?

– மாறல.

– அதெப்டி அடிச்சு சொல்றீங்க?

– அந்த மஞ்சப் பையில ரெண்டு பொட்டலம் இருந்துச்சு, சார். சின்னது ஈரல்.