சம்பந்தி குடித்த காபி

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "ஒரே ஒரு காபிதான் குடிச்சாருக்கா. அவருக்குச் சக்கர வியாதி கீதுன்னு எனக்குப் புரிஞ்சிபோச்சி."

"யாருக்கு?"

"பொண்ணு பாக்க வந்தாங்களே, மாப்ளயோட அப்பாவுக்கு. எங்க வூட்டுக்காரருக்குச் சக்கரைக்குப் பதிலா சாக்ரின் மாத்திர போட்டு வெச்ச காபிய, பொண்ணு தெரியாம அவரு கையில குடுத்துடுச்சி."

"ஐயையோ, துப்பிட்டாரா?"

"துப்பியிருந்தா சந்தேகமே வந்திருக்காதே! சொட்டு வுடாம குடிச்சாரு. டம்ளர் வாங்கப் போனப்ப என்னாண்ட மெதுவா, 'இந்த மாத்திர எந்தக் கடையில வாங்கறீங்க'ன்னு கேக்கறாரு. பழகாத நாக்குக்கு அது எப்டித் தெரியும்?"

"உன் வூட்டுக்காரரு இன்னா பண்ணாரு?"

"அவரு எங்க இதையெல்லாம் கண்டாரு? மாறிப்போன சக்கர காபிய ரசிச்சி உறிஞ்சிக்கினு இருந்தாரு."

மற்றவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "அப்ப உங்க வூட்லயும் வியாதி கீதுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிபோச்சே. வெளிய சொல்லிட்டாங்கன்னா?"

"எப்டிச் சொல்லுவாங்க? அவங்க வூட்லயும் கட்டிக்குடுக்க ஒரு பொண்ணு கீது. அதான் ரெண்டு பக்கமும் வாயத் தொறக்காம, தை மாசமே நிச்சயம் வெச்சிட்டோம்."