பச்சைத் துணி கட்டியவர்கள்

— உட்காரு கனிஷாய். இன்னும் எவ்வளவு நேரந்தான் நிப்பே?

— பரவாயில்ல அதா. நிக்கறதுதான் சுகமா இருக்கு.

— பஸ் மலைச்சரிவுல உருண்டு ஒரு மணி நேரமாச்சு. கல்யாணத்துக்குக் கிளம்பின கூட்டமெல்லாம் புல்லுல கிடக்கு. நீ மட்டும் 'அதா, அதா'ன்னு இந்த மாமனாருக்குப் பந்தியில டீ ஊத்தற மாதிரி நிக்கறே.

— நீங்க உட்கார்ந்திருக்கீங்களே.

— அதுக்கு?

— மாமனார் முன்னாடி மருமவ காலை நீட்டிக்கிட்டுக் கிடந்தாளாம்னு உங்க தங்கச்சி ஊரெல்லாம் சொல்லும். போன வருஷம் தலைத்துணி நழுவினதுக்கே மூணு மாசம் பேசிச்சு.

— அவ கை ஒடிஞ்சு போய்க் கத்திக்கிட்டிருக்கா, கேக்கல? இன்னிக்கு அவளுக்கு வம்பு பேச நேரமில்ல. ஆமா, கையில என்னவோ கட்டிவிட்டாளே அந்த நர்சுப் பொண்ணு, அது எதுக்காம்?

— சைகல் அக்காவா? "நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் பாறைகிட்ட வாங்க"ன்னு கூப்பிட்டாங்கல்ல, வந்தவங்களுக்கெல்லாம் பச்சைத் துணி. உங்களுக்கும் எனக்கும் அதுதான். உயிருக்கு ஆபத்துன்னா சிவப்பு. அவங்களுக்குத்தான் முதல் ஆம்புலன்ஸ்.

— நமக்கு?

— நாம கடைசி. வண்டி கணவாய் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப மூணு மணி நேரமாம்.

— சரி. மூச்சை ஏன் பிச்சுப் பிச்சு விடறே?

— மேடு ஏறினது அதா.

— மேடா? இருபதடி நடந்தோம். நான்தான் உன் தோள்ல தொங்கிக்கிட்டு வந்தேன். உண்மையைச் சொல்லு தாயி.

— சீட்டுக் கம்பி வயித்துல இடிச்சது. அவ்வளவுதான்.

— எந்தப் பக்கம்?

— இடது. தோள்பட்டையிலயும் குத்துது. குளுருது.

— நாப்பது வருஷம் ஆடு மேய்ச்சவன் நான். ஓநாய்கிட்ட வயித்துல அடிபட்ட ஆடு மந்தையோட நின்னுக்கிட்டேதான் இருக்கும். எனக்குத் தெரியும், அது எப்படி விழும்னு. படு.

— உங்க முன்னாடியா? ஐயோ, மாட்டேன்.

— எட்டு வருஷமா என் பேரைக்கூட வாயால சொன்னதில்ல நீ. போதும் அந்த மரியாதை. மாஸ்கோவுலேர்ந்து எர்னிஸ் ஃபோன் பண்ணுவான். உன் பொண்டாட்டி மரியாதையா நின்னுக்கிட்டே உசிரை விட்டுட்டாடான்னு சொல்லட்டுமா?

— அவர்கிட்ட அப்படியெல்லாம்... தலை சுத்துது அதா.

— இந்தா, நான் திரும்பிக்கிட்டேன். நான் இங்க இல்லன்னு நினைச்சுக்கோ. படு.

— அதா, இப்பத்தான் என் பக்கமாத் திரும்பியிருக்கீங்க.

— அட! சரி, இந்தப் பக்கம். இப்ப?

— இப்ப சரி.

— படுத்தியா?

— ம்.

— குரல் தரையிலேர்ந்து வருது. நல்ல பிள்ளை. என் கோட்டு இருக்கு, போர்த்திக்கோ. தொப்பியை மட்டும் வெச்சுக்கறேன், அது இல்லாட்டி சைகலுக்கு என்னை அடையாளம் தெரியாது. சைகல்! ஏ சைகல்!

— என்ன ஷார்ஷே அதா? பச்சைக்காரங்க பொறுமையா இருக்கணும்னு சொன்னேன்ல. ரெண்டே கைதான் எனக்கு.

— இவ பச்சை இல்லம்மா. வயித்தைத் தொட்டுப் பாரு.

— எங்க, காட்டு கனிஷாய். அடி பாவி! பலகை மாதிரி இருக்கு. நாடி எங்கடி ஓடுது, கைக்கே அகப்படல. இதோடயா நடந்து வந்தே?

— கூப்பிட்டீங்களே அக்கா.

— கூப்பிட்டேன்தான். உள்ளுக்குள்ள ரத்தம் போய்க்கிட்டிருக்கு உனக்கு. பயிற்சியில நாலு தடவை சொல்லிக்குடுத்தாங்க, நடந்து வந்தா பச்சைன்னு. மாமனார் இருந்தா மருமவ குடல் கிழிஞ்சாலும் நடந்து வருவான்னு ஒருத்தரும் சொல்லல. எனக்கே தெரிஞ்சிருக்கணும், நானும் மருமவதான். காலைத் தூக்கி இந்த மூட்டை மேல வை. வெக்கப்படாதே.

— அதா பாக்கறாங்களா?

— நான் மலையைப் பாத்துக்கிட்டிருக்கேன் தாயி. நீ பேசாம படு.

— பச்சையை அவுத்துட்டேன். இந்தா, சிவப்பு. வண்டியில ஒரு இடம் இருக்கு, இப்பவே கிளம்புது. டேய் டிரைவர், நில்லு! அதா, ஸ்ட்ரெச்சருக்கு ஆள் இல்ல. நான் தலைப்பக்கம் பிடிக்கறேன், நீங்க கால்பக்கம் பிடிச்சு முன்னாடி நடங்க. இருபதடிதான். தூக்க முடியுமா?

— தூக்கறதுக்குக் கையில பலமிருக்கு சைகல். பின்னாடியிலேர்ந்து வழியை மட்டும் நீ சொல்லிக்கிட்டே வா. பஸ் உருண்டதுலேர்ந்து எனக்குக் கண்ணு தெரியல.