மூன்றாம் முறையும் மஞ்சள்

— பிரேக்கை மிதி, ஆர்லிஸ்.

— மிதிச்சுட்டுத்தான் இருக்கேன், வெர்லின். கால்மணி நேரமா மிதிச்சு காலே மரத்துப்போச்சு. அடுத்த தடவை கல்யாணம் பண்ணிக்கும்போது ஒரு செங்கல்லைப் பாத்துப் பண்ணிக்கோ. பிரேக் மேல வச்சா பேசாம உக்காந்திருக்கும்.

— செங்கல்லு காப்பி போட்டுத் தராதே, அம்மணி. சரி, காலை எடு. இப்ப மிதி. ஆகா! பின்னாடி ரெண்டும் செக்கச்செவேல்னு எரியுது. பாத்துக்கோ, சிவப்புக் கண்ணாடிக்குள்ள சிவப்பு எல்.இ.டி.தான் போடணும். வெள்ளையைப் போட்டா பஞ்சுமிட்டாய் நிறத்துல எரியும். நம்ம பழைய கார் கிளப்புல பாதிப் பேருக்கு இது தெரியாது.

— அடேயப்பா. ஒரு மாசமா கராஜுல குடியிருந்து கத்துக்கிட்டது இதானா? சீக்கிரம் ஆகட்டும். சாசேஜ் சுடற வாசனை இங்க வரைக்கும் வந்தாச்சு. ஜனங்க ஏரிக்கரையில மடக்கு நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. பொழுது சாய்ஞ்சா பழைய வண்டிங்க ஊர்வலம் கிளம்பிடும்.

— நம்ம ராம்ப்ளர் கார் இல்லாம கெனோஷாவுல ஊர்வலமா? இவளைச் செஞ்ச ஃபாக்டரி இருந்த ஊரே இதுதானே. காத்திருப்பாங்க. இடது பக்க இண்டிகேட்டரைப் போடு.

— போட்டாச்சு.

— எரியுது. ஆனா சிமிட்டல. வலதைப் போடு.

— அதையும் போட்டாச்சு.

— அதுவும் முழிச்சுப் பாத்துட்டு நிக்குது. அட, சிமிட்ட வைக்கிற ஃபிளாஷரை மாத்த மறந்துட்டேன்! பாத்துக்கோ, பழைய ஃபிளாஷர் சூட்டுல வேலை செய்யறது. பழைய பல்பு கரண்டை நல்லா இழுக்கும், உள்ள இருக்கிற தகடு சூடாகி வளையும், அப்பதான் விட்டு விட்டு எரியும். எல்.இ.டி. இழுக்கறது துளியூண்டு. பல்பு ஒண்ணு இருக்குங்கறதே அந்தத் தகடுக்குத் தெரியல.

— உன்னை மாதிரியேதான். சூடு வச்சாத்தான் அசையும்.

— பண்ணு, கிண்டல் பண்ணு. புதுசு உன் பக்கத்து சீட்டுல இருக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழ உருண்டையா ஒரு தகர டப்பி தெரியுதா? அதை இழுத்துட்டு இதைச் சொருகு.

— சரியாப் போச்சு. செங்கல்லு வேலை போயி இப்ப மெக்கானிக்கு வேலையா? நீ வந்து பண்ணேன்.

— அந்த இருட்டுக்குள்ள என் கண்ணுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. உன் விரல்தான் மெலிசு.

— விரலுக்கு மட்டும் ஐஸ் வைப்பே. இரு... ம்... வந்துடுச்சு. சொருகிட்டேன். கேளு, டிக் டிக் டிக்.

— ரெண்டு பக்கமும் சிமிட்டுது! ஆர்லிஸ், உன்னை நான் ஏன் கட்டிக்கிட்டேன்னு இப்பதான் புரியுது.

— எனக்கு இன்னும் புரியல. ஆமா, கழட்டின பல்பையெல்லாம் முட்டை அட்டையில அடுக்கி ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்கியே, அதென்ன கணக்கு? காலையில ஆம்லெட் போடப் போயிட்டேன்.

— தூக்கிப் போட்டுடாதே தாயே! கார் கண்காட்சிக்குப் போகும்போது பழசையே மாட்டணும். நடுவர் குனிஞ்சு பல்பு வரைக்கும் பாப்பார். ஒரிஜினல் இல்லேன்னா மார்க்கைக் குறைச்சுடுவார்.

— ஒரு திருகாணி புதுசா இருந்தாலே ஊரைக் கூட்டற மனுஷன் நீ. எல்.இ.டி.க்கு எப்படித்தான் இறங்கி வந்தியோ.

— எதிர்வீட்டு லவோனோட தபால் பெட்டி மேல வண்டியை ஏத்தினேனே, மறந்துட்டியா? ஹெட்லைட் அவ்வளவு மங்கல். ரெண்டு மெழுகுவத்தியைக் கட்டிக்கிட்டு ஓட்டற மாதிரி.

— மறப்பேனா? பக்கத்துல நான்தானே உக்காந்திருந்தேன். பெட்டி, பெட்டின்னு கத்தறேன், நீ சாவகாசமா எந்தப் பெட்டின்னு கேக்கறே. வெர்லின், அன்னையிலேர்ந்து உன்கூட இந்த வண்டியில ஏறினா நான் கதவுப் பிடியை விடறதே இல்ல. கிண்டலுக்குச் சொல்லல.

— தெரியும். அதனாலதான் இத்தனை பாடு. நீ நிம்மதியா உக்காந்து வரணும், அவ்வளவுதான். ஹெட்லைட்டைப் போடு. ரெண்டு தடவை திருப்பி அனுப்பி, மூணாவது தடவை வந்த பல்பு. பால் வெள்ளைன்னு கடைக்காரன் சத்தியமே பண்ணிட்டான்.

— இந்தா. அம்மாடி! கராஜ் கதவுல பட்டுத் திரும்பி வந்து கண்ணைக் குத்துதே!

— சே. மறுபடியும் மஞ்சள்.

— என்னது?

— மஞ்சள். நல்ல வெண்ணெய் நிறம். மூணாவது தடவையும் என் தலையில கட்டிட்டான்.

— இரு, இறங்கி வரேன். எங்க மஞ்சள்?

— கதவைப் பாரேன். உனக்கு இது வெள்ளையா?

— ஆர்லிஸ்! எதிர்வீட்டுலயும் மனுஷங்க இருக்கோம்! என்ன, வாசல்லயே வெல்டிங் பண்றீங்களா?

— வா லவோன், நல்ல நேரத்துல வந்தே. இந்த லைட்டு என்ன நிறம், நீயே சொல்லு.

— இதென்ன கேள்வி? வெள்ளை. கொஞ்சம் நீலம்கூட அடிக்குது. என் சமையலறை ஜன்னல் வரைக்கும் வருது. அடியே ஆர்லிஸ், இதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் நிக்கவே கூடாது. உப்பைக் கொட்டின மாதிரி மின்னுது தலை.

— உன் தலைன்னு சொல்லு லவோன், அவளை எதுக்கு இழுக்கறே? என் பொண்டாட்டி முடி இன்னைக்கும் சோளக்கதிர்ப் பட்டு மாதிரி பொன்னா இருக்கு. எங்க, இந்த வயசுல இந்தத் தெருவுல வேற ஒரு தலையைக் காட்டு பாப்போம்.

— ஆர்லிஸ், இவர் விளையாடறாரா, நெசமாத்தான் சொல்றாரா?

— லவோன், நீ போயி ஏரிக்கரையில உக்காரு. நாங்க பின்னாடியே வரோம்.

— போறேன், போறேன். என் தபால் பெட்டிகிட்ட மட்டும் பாத்து வாங்க. அது புதுசு.

— அவ பேச்சை விடு, ஆர்லிஸ். எப்பப் பாரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரியறவளுக்கு நிறத்தைப் பத்தி என்ன தெரியும்?

— வெர்லின், என் கையில இருக்கிற துண்டு என்ன நிறம்?

— இதென்ன பரீட்சையா? க்ரீம்.

— வெள்ளை. கடையில வாங்கி இன்னைக்குக் காலையிலதான் பிரிச்சேன்.

— போ. நீ துவைக்கிற லட்சணம் அப்படி. ஒரு வருஷமா என் சட்டையெல்லாம் பழுத்துப்போச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேனே.

— அதைத்தான் நானும் யோசிக்கறேன். நீ சொன்னேன்னு மூணு சோப்பு மாத்தினேன். பிளீச்சுல ஊறப்போட்டு உன் நல்ல சட்டை ஒண்ணு கிழிஞ்சே போச்சு. சோப்பு மேல குத்தம், ஹெட்லைட் மேல குத்தம், பல்புக் கடைக்காரர் மேல குத்தம். பாவம் அந்த மனுஷர், மூணு தடவையும் வெள்ளையைத்தான் அனுப்பிருக்கார்.

— அப்ப கோளாறு எங்கேங்கறே?

— என் அண்ணன் மில்டன் கண்ணுல புரை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்ததும் என்ன கேட்டான், ஞாபகம் இருக்கா? சமையலறைக்கு எப்ப வெள்ளையடிச்சேன்னு பொண்டாட்டியைக் கேட்டான். அவ அடிக்கவே இல்ல. புரை வந்தா வெள்ளையெல்லாம் மஞ்சளாத் தெரியுமாம்.

— இந்த வண்டி கடல் பச்சைதானே?

— வானத்து நீலம். நீ பச்சை பச்சைங்கும்போதெல்லாம் உங்க கிளப்புல அந்த நீலத்துக்கு அப்படித்தான் பேரு போலன்னு விட்டுட்டேன்.

— ஆர்லிஸ், டாக்டர்கிட்ட போனா லைசன்ஸைப் பிடுங்கிட்டா? அப்புறம் இவளை யாரு ஓட்டுவா? துணியைப் போத்தி கராஜுல நிறுத்திடணுமா? எனக்கு பயமா இருக்கு. சிரிக்காதே.

— சிரிக்கல. எனக்கும் பயமாத்தான் இருந்தது, ஒரு நாள் பெட்டிக்குப் பதிலா மனுஷன் மேல ஏத்திடுவியோன்னு. நானும் லைட்டு மங்கல்னுதானே நம்பிட்டு இருந்தேன். மில்டனைப் பாரு, ஒரே மாசத்துல டிராக்டர்ல ஏறி உக்காந்துட்டான். இப்ப சாவியைக் கொடு.

— எதுக்கு?

— ஊர்வலத்துக்குப் போக வேண்டாமா? நான் ஓட்டறேன்.

— நீயா? அம்மணி, இது உன் காரு மாதிரி இல்ல. கிளட்ச் இருக்கு. கியர் ஸ்டியரிங்கோட ஒட்டி இருக்கு.

— எங்கப்பா வச்சிருந்த வண்டியும் இப்படித்தான். நீ என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப சேத்துல சிக்கின உன் வண்டியை வெளிய எடுத்தது யாரு?

— அதை இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா?

— நீ தள்ளினே, நான் ஓட்டினேன். உன் பேண்ட்டு பூரா சேறு. எப்படி மறக்கும்? ஏறு. பெல்ட்டைப் போடு.

— போட்டாச்சு, மகாராணி. மெதுவா... மெதுவா கிளட்சை விடு... அட, பரவாயில்லையே. லவோன் பெட்டி அதோ.

— தெரியுது. எனக்குத் தெரியுது.

— ஆர்லிஸ், நானும் யோசிச்சுப் பாத்தேன். திங்கக்கிழமை விடிஞ்சதும் டாக்டருக்கு போன் பண்றேன். ரெண்டு கண்ணையும் சேத்தே சரி பண்ணிக்கறேன். இந்த நீலத்தை நான் பாக்கணும். ஏரியைப் பாக்கணும். ஒண்ணு விடாம எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி பாக்கணும்! வண்டியை ஏன் ஓரங்கட்டறே? கண்ணாடியில என்ன பாக்கறே?

— லவோன் உப்புன்னு சொன்னாளே, அது என் தலையையும் சேத்துத்தான்.

— உன் தலையா? நல்லா பொன்னா...

— நரைச்சு ரொம்ப நாளாச்சு, வெர்லின். நீ பொன்னு பொன்னுன்னு சொல்லிக்கிட்டே இருந்தியா, அந்தச் சந்தோஷத்துல சாயம் போடறதையே விட்டுட்டேன். என்னைக் கொஞ்சறேன்னு நெனச்சேன். நீ நெசமாவே பொன்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கே.

— ஆர்லிஸ்...

— டாக்டர்கிட்ட ஒரு கண்ணை மட்டும் சரி பண்ணச் சொல்லு. அதால ரோட்டைப் பாரு. இன்னொண்ணு அப்படியே இருக்கட்டும். அதால என்னைப் பாரு.